டான்யூப் ஆற்றின் மேல் கிறிஸ்மஸ்



சென்ற ஐப்பசியில் ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் சக்கிறீஸ்து வாசலில் வந்து நின்றார். இருவர் முகத்திலும் ஏதோ குற்றம் இழைத்துவிட்டவரின் தயக்கம் தெரிந்தது. செய்தி இதுதான். ஆஸ்திரியாவில் பணிபுரியும் அவர்களுடைய மகன் டிசம்பரில் பெற்றோரை அழைத்திருக்கிறான். வீட்டிற்கன்று, கப்பலுக்கு. ஜெர்மனியின் பாசௌ நகரில் ஏறி, வியன்னா வழியாகப் புடாபெஸ்ட் வரை டான்யூப் ஆற்றில் சென்று திரும்பும் எட்டு நாள் பயணம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அந்த எட்டு நாள்களுக்கு நடுவில் வருகிறது. பயணச் சீட்டுக்குப் பணமும் கட்டியாயிற்று.

"இது பாவமா சாமி?" என்று கேட்டார் ஆசிரியர்.

"அங்கே பூசை இருக்குமா சாமி?" என்று கேட்டார் அம்மையார்.

முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுதான் மெய்யான கேள்வி. ஆயினும் அந்நேரத்தில் நம் நாவின் நுனிக்கு வந்தது வேறொன்று. அந்த ஆசிரியர் நாற்பது ஆண்டுகளாக நம் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். "நள்ளிரவில் ஆர்மோனியத்தை யார் வாசிப்பது? மாட்டுத் தொழுவத்தை விட்டு மாளிகைக்கா போகிறீர்கள்?" என்று கேட்க எண்ணினோம். கேட்கவில்லை. ஏனெனில் இதே பொருளைப் பற்றி ஒருமுறை வாய் திறந்து வெட்கப்பட்டவர்கள் நாம். அதே இரவில் பட்ட கடன் ஒன்றும் இன்னும் தீராமல் இருக்கிறது. பிள்ளைகள் அயல்நாடுகளில் வாழும் குடும்பங்கள் பெருகிவிட்ட இந்நாளில் இத்தகைய அழைப்பு உங்களில் சிலருக்கும் வரக்கூடும். ஆகவே அவர்களிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இப்பக்கத்தில் எழுதுகிறோம்.

முதலில் கப்பலைப் பற்றிச் சிறிது. கடலில் செல்லும் உல்லாசக் கப்பலில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவர். ஆற்றுக் கப்பலில் பொதுவாக 150 முதல் 190 பேர்தாம். நீளம் 110 அல்லது 135 மீட்டர் இருக்கும், அகலமோ பதினொன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இப்படி ஒடுங்கி நீண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆற்றின் குறுக்கே அணைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணையின் பக்கத்திலும் கப்பல் நுழைவதற்கென்று நீண்ட தொட்டி கட்டியிருக்கிறார்கள். கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்திற்கு அதனை ஏற்றவோ இறக்கவோ செய்வார்கள். பல இடங்களில் அத்தொட்டியின் அகலம் 12 மீட்டர்தான். கப்பலின் இரு பக்கமும் சுவரை உரசாமல் நுழைவதே மாலுமியின் திறமை. ரைன் ஆற்றின் கிளையான மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர்க் கால்வாயில் இத்தகைய தொட்டிகள் 16 உள்ளன. கடல் மட்டத்திற்கு மேல் 406 மீட்டர் உயரத்தில், மலையின் முதுகில், கப்பல் ஊர்ந்து செல்கிறது! அக்கால்வாய் 1992ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது.

முன்னெல்லாம் இலையுதிர் காலம் முடிந்ததும் இக்கப்பல்களைக் கரையில் கட்டிவிடுவது வழக்கம். குளிரில் யார் வருவார்? பிறகு கிறிஸ்மஸ் சந்தைகள் கப்பற்காரர்களின் கண்ணில் பட்டன. திருவருகைக் காலம் முழுவதும் ஜெர்மானிய நகரங்களின் ஆலயச் சதுக்கங்களில் கூடும் சந்தைகள் அவை. இஞ்சி மணக்கும் பணியாரமும், கிராம்பும் பட்டையும் இட்டுக் காய்ச்சிய சூடான திராட்சை இரசமும், மரத்தில் செதுக்கிய குடில் உருவங்களும் அங்கே கிடைக்கும். அவற்றைக் காணவே கூட்டம் கூட்டமாக மக்கள் ஏறலாயினர். இதில் ஒரு விந்தை உண்டு. கொலோன் பேராலயத்தின் முன் கூடும் சந்தை 23ஆம் நாளோடு கலைந்துவிடும். நூரெம்பெர்க் சந்தை 24ஆம் நாள் பிற்பகலில் கலையும். வியன்னாவைப் போன்ற சில நகரங்களில் மட்டும் 26 வரை நீடிக்கிறது. எந்த நாளுக்காகச் சந்தை கூடியதோ அந்த நாள் வந்ததும் சந்தை இல்லை. 24 மாலையில் கடைகள் அடைபட்டு, மக்கள் வீடுகளுக்குள் புகுந்துகொள்ள, தெருக்கள் வெறிச்சோடிவிடும். கப்பலிலிருந்து இறங்கி நடப்பவருக்கு வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆலயக் கதவுகள் மட்டும் திறந்திருக்கும். சுற்றுலா வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

ஆற்றின் வழியே வந்து கிறிஸ்மஸ் கொண்டாடுவது இன்றைய செல்வர் கண்டுபிடித்த புதுமையுமன்று. 793ஆம் ஆண்டில் சார்லமேன் மன்னர் டான்யூபிற்கும் ரைனுக்கும் இடையே கால்வாய் ஒன்று வெட்டத் தொடங்கினார். மழையும் சேற்று நிலமும் அவ்வேலையைக் கெடுத்தன. பகலில் வெட்டிய கரை இரவில் சரிந்ததாம். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் ரேகன்ஸ்பர்கிலிருந்து படகில் புறப்பட்டு, வெட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, மறுபுறத்து ஆறுகளின் வழியே மீண்டும் படகில் சென்று, வூர்ஸ்பர்க் நகரில் புனித கிலியான் திருத்தலத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார் என்று பிராங்கு அரசின் ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. இதைச் சொன்னபோது ஆசிரியரின் முகம் சற்றே தெளிந்தது. அரசரே செய்தது என்றால் ஆசிரியர்களுக்கு ஒரு நிம்மதி!

இனி நம் கதைக்கு வருகிறோம். 2009ஆம் ஆண்டு மேற்படிப்பின் பொருட்டு நாம் ஜெர்மனியில் இருந்தோம். கிறிஸ்மஸ் விடுமுறையில் பாசௌ நகருக்குக் கீழே, டான்யூப் கரையில் உள்ள ஒரு கிராமப் பங்கிற்கு உதவிப் பணிக்காகச் சென்றிருந்தோம். பாசௌ மூன்று ஆறுகள் கூடும் ஊர். டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்றும் மூன்று நிறமாக வந்து, கலந்த பின்னரும் சிறிது தூரம் தத்தம் நிறம் மாறாமல் ஓடுவதைக் காணலாம். அவற்றுள் இன் ஆறு சராசரியாக டான்யூபைவிட மிகுதியான நீரைக் கொண்டுவருகிறது. ஆயினும் கூடிய பின் பெயர் டான்யூபிற்கே. உலகில் இப்படி நடப்பது ஆறுகளுக்கு மட்டுமன்று.

டிசம்பர் 24 காலையில் நகரத்துக் குரு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். துறையில் ஓர் ஆற்றுக் கப்பல் நிற்கிறது, பயணிகள் மாலையில் திருப்பலி கேட்கிறார்கள், நகரத்துக் குருக்கள் அனைவருக்கும் வேலை இருக்கிறது, நீங்கள் போக இயலுமா என்று கேட்டார். இசைந்தோம். நான்கு மணிக்குக் கப்பலின் மேல்தளத்துக் கூடத்தில், பியானோவின் அருகே, வெள்ளை விரித்த மேசையே பலிபீடமாயிற்று. அறுபது பேர் இருக்கலாம், பெரும்பாலோர் முதியவர். கண்ணாடிச் சன்னல்களுக்கு அப்பால் இருள் இறங்கிக்கொண்டிருந்தது.

கிராமத்திற்கென்று ஆயத்தம் செய்த மறையுரையைச் சிறிது மாற்றி அங்கே நிகழ்த்தினோம். பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை. நீங்களோ இடத்திற்குக் குறைவில்லாத சத்திரத்தையே ஆற்றில் மிதக்க விட்டிருக்கிறீர்கள். பாலன் இயேசு உங்கள் வீடுகளுக்கு வந்து கதவைத் தட்டினால் திறப்பதற்கு யார் இருக்கிறார் என்று கேட்டோம். சொல்லும்போது அது நமக்கு மிகவும் அழகாகத் தோன்றியது. குருமடத்தில் மறையுரைப் பயிற்சியின்போது நம் பேராசிரியர் எச்சரித்ததுண்டு, ஓர் உவமை உங்களுக்கே மிகவும் பிடித்துவிட்டால் அதனை அடித்துவிடுங்கள் என்று. நாம் அடிக்கவில்லை.

திருப்பலி முடிந்ததும் ஒரு முதிய பெண்மணி நம்மிடம் வந்தார். கோபம் இல்லை, மிகவும் மரியாதையாகவே பேசினார். அவருடைய கணவர் அவ்வாண்டு மார்ச்சில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தொரு ஆண்டுகளாகக் கிறிஸ்மஸ் மரத்தை அதே மூலையில் நிறுத்தி, மெழுகுவர்த்திகளை ஏற்றியவர் அவர்தாமாம். "இந்த ஆண்டு அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. சத்திரத்தில் அன்று, சுவாமி, என் வீட்டிலேயே எனக்கு இடமில்லை" என்றார். பிறகு கைகொடுத்து, விழா வாழ்த்துக் கூறிப் போய்விட்டார். அங்கே அமர்ந்திருந்த அறுபது பேரில் எத்தனை பேர் இப்படி ஒரு நாற்காலியைப் பார்க்க அஞ்சி வந்தவர்களோ! நாம் கேட்டு அறிந்திருக்கலாம். கேட்பதற்கு முன்பே மறையுரை சொல்லி முடித்துவிட்டோம்.

அத்துடன் முடிந்திருந்தால் இதனை ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். திருப்பாத்திரத்தைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது, உணவு பரிமாறும் பணியாளர் ஒருவர் மெல்ல அருகில் வந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர், முப்பது வயது இருக்கும். "ஃபாதர், நாங்கள் கீழே பத்துப் பேர் கத்தோலிக்கர்கள். பூசையின்போது விருந்துக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தோம். பதினொன்றரைக்குத்தான் எங்கள் வேலை முடியும். கப்பல் ஒரு மணிக்கு நங்கூரம் எடுக்கும். இடையில் கால் மணி நேரம் வர முடியுமா?" என்று கேட்டார்.

அவருடைய நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் ஆலயத்திற்குச் சென்று திருப்பலி காண்பது மக்களின் பெருவழக்கம். கப்பல் வேலைக்கு வந்த நான்கு ஆண்டுகளில் அந்த ஒன்பதும் இல்லை, பத்தாவதும் இல்லை என்றார்.

நமக்குக் கிராமத்தில் பத்து மணிக்கு நள்ளிரவுத் திருப்பலி இருந்தது. அது முடிய பதினொன்றேகால் ஆகும். திரும்பி வரப் பதினைந்து கிலோமீட்டர். "ஒன்று ஆயிற்று, இன்னொன்று இருக்கிறது. மூன்றாவது இயலாது, மகனே" என்றோம். அவர் சிரித்த முகத்துடன், "சரி ஃபாதர்" என்றார். பிறகு, "எங்கள் விண்மீனையாவது ஆசீர்வதித்துவிட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டு, ஒடுங்கிய ஏணிப்படி வழியாகக் கீழே அழைத்துச் சென்றார்.

மேல்தளத்தின் கம்பளமும் பித்தளைப் பளபளப்பும் அந்தப் படியோடு நின்றுவிட்டன. பணியாளர்கள் உண்ணும் சிறிய அறை. தலைக்கு மேல் குழாய்கள். சுவருக்கு வெளியே, நம் தோள் மட்டத்தில், ஆறு. அங்கே பூச்செண்டு கட்டிவரும் கம்பியையும் வண்ணத்தாளையும் கொண்டு செய்த ஐம்முனை விண்மீன் ஒன்று தொங்கியது. அவர்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் விளக்கு அது. ஆசீர்வதித்தோம். கைகழுவும் தொட்டியருகே நின்றிருந்த இருவர் ஈரக் கையோடு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். நாம் புறப்பட்டுவிட்டோம்.

ஒரு நாளில் எத்தனை திருப்பலி என்பதற்குச் சட்டம் உண்டு. தக்க காரணம் இருப்பின் இரண்டும், மேய்ப்புத் தேவை இருப்பின் ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் மூன்றும் நிறைவேற்ற ஆயர் அனுமதிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 905ஆம் பிரிவு கூறுகிறது. கிறிஸ்து பிறப்பு நாளுக்கோ இரவு, விடியல், பகல் என மூன்று திருப்பலிகளைத் திருப்பலி நூலே தருகிறது. இவை நாம் அறியாதவை அல்ல. சட்டம் நம்மைத் தடுக்கவில்லை. களைப்பும் குளிரும் தடுத்தன. மறுநாள் காலை கிராமத்துக் கோவிற்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "கேட்டிருந்தால் என் வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பேனே" என்றார். இரவு இரண்டு மணியளவில் உறக்கம் வராமல் சன்னலருகே நின்றிருந்தோம். கப்பல் ஓசையில்லாமல் ஆற்றில் இறங்கிச் சென்றது. மேல்தளங்கள் இருண்டிருந்தன. நீர்மட்டத்தை ஒட்டி இரண்டு மூன்று சன்னல்களில் மட்டும் வெளிச்சம்.

அந்த ஆற்றில் ஓடிய நீரில் ஒரு பங்கு ஓபெர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூரைக் கடந்து வந்தது. சால்சாக் ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். சால்சாக் இன் ஆற்றில் சேர, இன் பாசௌவில் டான்யூபில் சேர்கிறது. 'ஷ்டில்லே நாக்ட்' என்று ஜெர்மானியரும், 'சைலண்ட் நைட்' என்று நாமும் அறிந்த பாடல் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று முதன்முதலாகப் பாடப்பட்டது அவ்வூரில்தான். இயற்றியவர் யோசேப்பு மோர் என்னும் இருபத்தாறு வயது உதவிக் குரு. தையலும் பின்னலும் செய்து பிழைத்த ஓர் ஏழைத் தாய்க்குத் திருமணத்திற்குப் புறம்பே பிறந்தவர். இசையமைத்தவர் அடுத்த ஊர் ஆசிரியர் பிரான்ஸ் சேவர் குரூபர். கித்தார் ஒன்றே துணை இசை. ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரமில்லை. எலிகள்மீது இன்னும் எத்தனை பழிதான் சுமத்துவது!

அந்த ஆலயம் கப்பலோட்டிகளின் பாதுகாவலரான புனித நிக்கோலாவின் பெயரால் எழுந்தது. அவ்வூரார் ஹாலைன் சுரங்கத்து உப்பைப் படகுகளில் ஏற்றிச் செல்பவர்கள். குளிர்காலம் வந்தால் படகோட்டம் நிற்கும். அதோடு கூலியும் நிற்கும். 1816ஆம் ஆண்டில் ஆற்றையே நாட்டெல்லையாக்கி ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டதால் அவர்களது துன்பம் மேலும் வளர்ந்தது. ஆகவே அந்தப் பாடலை முதன்முதலில் கேட்டவர்களில் பலர் வேலையற்ற படகோட்டிகளாகவே இருந்திருப்பர். வயிறு நிறைந்திருக்காது. ஆனால் கிறிஸ்மஸ் இரவில் அவர்கள் தம் மனைவி மக்களோடு இருந்தார்கள். இன்று அணைகளும் பொறிகளும் வந்து, குளிர்காலத்திலும் கப்பல் ஓடுகிறது. படகோட்டிக்குக் கூலியும் நிற்பதில்லை. அக்கூலியில் மணிலாவிலும் ருமேனியாவிலும் வீடுகள் எழுகின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைத் தீமை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பழைய பட்டினியை மீண்டும் அழைப்பவர் எவரும் அதனை அனுபவித்தவராக இரார். ஆனால் மேல்தளத்தில் அந்தப் பாடல் பாடப்படும்போது கீழ்த்தளத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பவர் அந்தப் பழைய படகோட்டிகளின் வாரிசு என்பது பாடுபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுவாரம் ஆசிரியரும் அம்மையாரும் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். நடைமுறையில் செய்ய வேண்டியதையும் சொன்னோம். 24 மாலையிலும் 25 காலையிலும் கப்பல் எந்த ஊரில் நிற்கும் என்பதை மகன் இப்போதே எழுதிக் கேட்டுவிட வேண்டும். அவ்வூர்ப் பங்கின் திருப்பலி நேரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் மாலைத் திருப்பலியே கடனை நிறைவேற்றப் போதும் என்பது 1248ஆம் பிரிவு. எவ்வழியும் இல்லையென்றால் கடனிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. அதனை அப்பொழுதே அளித்துவிட்டோம், பயன்படுத்த வேண்டாம் என்ற வேண்டுகோளோடு!

கப்பல் 27ஆம் நாள் புடாபெஸ்டில் நிற்குமானால், பாராளுமன்றத்திற்கு அருகே ஆற்றங்கரையில் 60 இணை இரும்புக் காலணிகள் இருப்பதைப் பார்க்கச் சொன்னோம். 1944-45 குளிர்காலத்தில் அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளியதன் நினைவாக 2005இல் வைக்கப்பட்டவை அவை. யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்த அருட்சகோதரி சாரா சால்காஹாசியை, அவர் ஒளித்து வைத்திருந்தவர்களோடு அதே ஆற்றங்கரையில் சுட்டது 1944 டிசம்பர் 27 அன்று. 2006இல் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. அன்று அங்கே நின்று ஒரு செபம் சொன்னால் போதும். நீண்ட செபம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டோம். கப்பலில் பரிமாறுபவர்களிடம் அவர்களுக்கும் பூசை உண்டா என்று விசாரியுங்கள். குரு ஒருவர் கப்பலுக்கு வந்தால், கீழே இருப்பவர்களுக்காக நீங்கள் கேளுங்கள்; பயணிகள் கேட்டால் மறுப்பது கடினம். அவர் களைப்பாக இருக்கிறது என்று சொன்னாலும் விடாதீர்கள்.

ஆசிரியர் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆர்மோனியத்தைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கற்பித்துக்கொண்டிருப்பதாகவும், கை இன்னும் ஓடவில்லை, டிசம்பருக்குள் ஓடிவிடும் என்றும் சொன்னார். அம்மையார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். எழுந்திருக்கும்போது, "கீழே எத்தனை பேர் இருப்பார்கள் சாமி?" என்று கேட்டார்.

"எல்லா நாட்டாரையும் சேர்த்தால் நாற்பதுக்குக் குறையாது."

"ஆளுக்கு ஐந்து அச்சுமுறுக்கு என்றால் இருநூறு" என்று தமக்குள் கணக்கிட்டார். ஆசிரியர் விமானத்தில் பெட்டியின் எடையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மையார் அதைக் காதில் வாங்கவில்லை. எண்ணெய் எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினார்.